ஈரிக் கால்வாயின் கரைகளில்

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனங்கள் பெரும்பாலும் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கும் அப்பலேஷியன் மலைத்தொடருக்கும் இடைப்பட்ட நிலத்திலேயே வாழ்ந்துவந்தார்கள். மலைக்கு அப்பால் வளமான பூமி பரந்து கிடப்பதை அவர்கள் அறிவார்கள். துணிந்து அங்கே போய்க் குடியேறியவர்களும் இருந்தார்கள். ஆனால் அங்கே விளைந்த தானியத்தைக் கிழக்குக் கரையின் சந்தைகளுக்குக் கொண்டுவர வழி ஏது? ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோவிலிருந்து நியூயார்க் துறைமுகத்துக்கு ஒரு டன் சரக்கை வண்டியேற்றி அனுப்ப ஏறத்தாழ 100 டாலர் செலவாயிற்று. பிரயாணமோ மூன்று வாரம். கோதுமையின் விலையை வண்டிக்கூலி விழுங்கிவிடும் நிலையில், விவசாயி தன் தானியத்தை விஸ்கியாகக் காய்ச்சிப் பீப்பாயில் அடைத்து விற்பதே லாபம் என்று கண்டான். பின்னாளில் அப்பிராந்தியத்தில் மதுவிலக்கு இயக்கம் அத்தனை ஆவேசத்தோடு எழுந்ததற்கு இந்தப் பீப்பாய்களும் ஒரு காரணம்.

மெயின் முதல் அலபாமா வரையில் நீண்ட அம்மலைத்தொடரில் மேற்கே போக இயற்கையே திறந்துவைத்த வாயில் ஒன்று உண்டு. நியூயார்க் ராஜ்யத்தின் நடுவே, மேற்கிலிருந்து கிழக்காக ஓடி ஹட்ஸனில் கலக்கும் மோஹாக் நதியின் பள்ளத்தாக்கே அது. அந்த வழியே ஈரி ஏரியையும் ஹட்ஸன் நதியையும் ஒரு கால்வாயால் இணைத்துவிடலாம் என்ற எண்ணத்தைப் பலர் பலவிதமாகப் பேசியிருந்தபோதிலும், அதனை விரிவாக எழுதி ஜனங்கள்முன் வைத்தவர் ஜெஸ்ஸி ஹாலி என்ற மாவு வியாபாரி. சரக்கு அனுப்பும் செலவே அவருடைய தொழிலை அழித்துக் கடனில் ஆழ்த்தியது. கடனாளிகளை அடைக்கும் கானன்டேகுவா ஊர்ச் சிறையில் அவர் கிடந்தார். அங்கிருந்தபடியே 1807, 1808 ஆண்டுகளில், தம் பெயரை மறைத்து 'ஹெர்குலிஸ்' என்ற புனைபெயரில், பதினான்கு கட்டுரைகளை உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதி வெளியிட்டார். கால்வாய் எந்தத் தடத்தில் போகவேண்டும், என்ன செலவாகும், அதனால் எந்த நகரங்கள் செழிக்கும் என்பனவற்றையெல்லாம் அவர் கணக்கிட்டுக் காட்டினார். தம்மைக் கெடுத்த தடையை உலகத்துக்கே இல்லாமற் செய்ய வேண்டும் என்று சிறைக்குள்ளிருந்து சிந்தித்த அம்மனிதரை நான் மிக்க மரியாதையோடு நினைக்கிறேன்.

1809-இல் இந்த யோசனையைக் கேட்ட ஜனாதிபதி ஜெஃபர்ஸன், இது நல்ல திட்டம்தான், நூறு வருஷம் கழித்துச் செய்யலாம், இன்று இதை நினைப்பது ஏறக்குறையப் பைத்தியம் என்ற கருத்துப்படச் சொல்லி அனுப்பிவிட்டார். 1817 மார்ச்சில் ஜனாதிபதி மாடிஸன், உள்நாட்டுப் பணிகளுக்கு மத்திய அரசாங்கம் பணம் கொடுக்க அரசியலமைப்புச் சட்டத்தில் இடமில்லை என்று கூறி அதற்கான மசோதாவை நிராகரித்தார். எனவே நியூயார்க் ராஜ்யம் பிறர் கையை எதிர்பாராமல் தானே கடன் வாங்கித் தானே வெட்டுவது என்று தீர்மானித்தது. அத்தீர்மானத்தின் உயிர்நாடியாக இருந்தவர் டெவிட் கிளின்டன். நியூயார்க் நகரத்தின் மேயராகப் பல்லாண்டு இருந்து, 1817 ஜூலையில் ராஜ்யத்தின் கவர்னராகப் பதவியேற்ற அவரை, 'கிளின்டனின் சாக்கடை' என்று எதிர்க்கட்சியினர் கால்வாய்க்குப் பெயர் சூட்டி ஏளனம் செய்தார்கள். அவர் பதவியேற்ற சில நாட்களுக்குள், ஜூலை 4-ஆம் தேதி சுதந்திர தினத்தன்று, ரோம் என்ற சிற்றூரில் முதல் மண் வெட்டப்பட்டது.

வெட்டவேண்டிய தூரம் 363 மைல். மேலே 40 அடி அகலம், அடியில் 28 அடி அகலம், ஆழம் 4 அடி. ஈரி ஏரிக்கும் ஹட்ஸனுக்கும் இடையே நிலமட்டம் ஏறத்தாழ 570 அடி வேறுபடுகிறபடியால், முன்னும் பின்னும் கதவுகள் வைத்து நீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கல்தொட்டிகள் 83 கட்டவேண்டியிருந்தது. நதிகளையும் ஓடைகளையும் கால்வாய் கடந்துபோக 18 தொட்டிப்பாலங்கள் வேண்டியிருந்தன. இத்தனையையும் செய்ய முன்வந்தவர்கள் யார் என்று பார்த்தால் வியப்பே மேலிடுகிறது. பெஞ்சமின் ரைட், ஜேம்ஸ் கெடஸ் இருவரும் நீதிபதிகளாக இருந்தவர்கள். நிலம் அளக்கத் தெரிந்தவர்களே தவிர, பெரிய கால்வாய் எதையும் கட்டியவர்கள் அல்லர். நேதன் ராபர்ட்ஸ் பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பித்தவர். கான்வஸ் ஒயிட் என்ற இளைஞர் இங்கிலாந்துக்குப் போய், அங்குள்ள கால்வாய்களின் கரையோரமாக ஏறத்தாழ 2,000 மைல் நடந்து, ஒவ்வொரு மதகையும் கரையையும் வரைபடமாக எழுதிக்கொண்டு திரும்பினார். நீருக்குள் இறுகும் சுண்ணச்சாந்தைக் கடல் கடந்து தருவிக்கவேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், கால்வாய்த் தடத்துக்கு அருகே சிட்டனாங்கோவில் கிடைத்த ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுப் பொடித்தால் அத்தகைய சாந்து கிடைக்கும் என்று நிறுவியவரும் இவரே. லாக்போர்ட்டில் செங்குத்தாக எழுந்த பாறைச் சரிவில், மேலே போவதற்கு ஐந்து தொட்டிகள், கீழே வருவதற்கு ஐந்து தொட்டிகள் என்று இரட்டைப் படிக்கட்டாகக் கட்டி ஏறியவர் ராபர்ட்ஸ். செய்துகொண்டே கற்றுக்கொண்ட இம்மனிதர்களின் கையில்தான் அமெரிக்கப் பொறியியல் பிறந்தது.

ஆனால் மண்ணைச் சுமந்தவர்கள் வேறு. தொடக்கத்தில் அக்கம்பக்கத்து விவசாயிகளே வேலை செய்தார்கள். பிறகு அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள் திரளாகச் சேர்ந்தார்கள். விடியலிலிருந்து அந்திவரை உழைப்பு, நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைந்த கூலி, அதனோடு அளந்து ஊற்றும் விஸ்கி. பெருமரங்களின் உச்சியில் கயிற்றைக் கட்டி, திருகுச் சக்கரத்தால் சுற்றி, ஒரே ஆள் ஒரு மரத்தைச் சாய்க்கும் யந்திரத்தையும், 16 அடி உயரச் சக்கரங்கள் கொண்டு அடிக்கட்டையைப் பிடுங்கும் வண்டியையும் அவர்கள் இடத்திலேயே சிருஷ்டித்துக்கொண்டார்கள். 1819 கோடையில் மான்டெசூமாச் சதுப்பு நிலத்தில் முழங்கால் நீரில் நின்று வெட்டியவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேர் ஜுரத்தில் விழுந்தார்கள். கொசுவே அந்நோயைப் பரப்புகிறது என்பதை அக்காலத்தில் ஒருவரும் அறியார்; சதுப்பின் துர்க்காற்றே காரணம் என்று நம்பினார்கள். மாண்டவர்களின் பெயர்களை எழுதிவைக்க யாரும் நினைக்கவில்லை. கிளின்டனுக்கும் ரைட்டுக்கும் சரித்திரத்தில் இடம் கிடைத்ததுபோல் அவர்களுக்கும் கிடைத்திருக்கவேண்டும்.

1825 அக்டோபர் 26-ஆம் தேதி 'ஸெனெக்கா சீஃப்' என்ற படகு பஃபலோவிலிருந்து புறப்பட்டது. தந்தி தோன்றாத காலம் அல்லவா? ஆகவே வழிநெடுகிலும் காதில் விழும் தூரத்தில் பீரங்கிகளை நிறுத்தி, ஒன்றன் முழக்கம் கேட்டதும் அடுத்தது முழங்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் செய்தி நியூயார்க் நகரத்தை எட்டிற்று. நவம்பர் 4-ஆம் தேதி, ஏரி நீர் நிறைந்த பீப்பாயைக் கிளின்டன் சமுத்திரத்தில் கவிழ்த்தார். நீர்களின் விவாகம் என்று அச்சடங்கை அழைத்தார்கள். அந்த ஊர்வலத்துக்காக ஏற்பாடான படகுகளில் 'நோவாவின் பேழை' என்று ஒன்று. கரடி, கழுகு, மான்குட்டி ஆகியவற்றோடு, பூர்வகுடிச் சிறுவர் இருவரையும் அவர்களுடைய குலத்து உடையோடு அதில் காட்சிக்கு ஏற்றியிருந்தார்கள் என்று படிக்கையில் நெஞ்சு துணுக்குறுகிறது.

கால்வாயின் பலனைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. டன்னுக்கு 100 டாலராக இருந்த செலவு பத்து டாலருக்குக் கீழே இறங்கியது. மூன்று வாரப் பிரயாணம் எட்டு நாட்களாயிற்று. மணிக்கு நான்கு மைல் வேகத்தில் குதிரையோ கோவேறு கழுதையோ இழுத்துச் சென்ற படகுகளில் மேற்கேயிருந்து மாவும் மரமும் வந்தன. கிழக்கேயிருந்து துணியும் இரும்புச் சாமான்களும் போயின; அவற்றைவிட முக்கியமாக மனிதர்கள் போனார்கள். நியூ இங்கிலாந்தின் கற்பாங்கான நிலங்களைக் கைவிட்ட குடும்பங்களும், கப்பலிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஐரோப்பியர்களும் இவ்வழியே ஒஹாயோவுக்கும் மிச்சிகனுக்கும் இல்லினாய்ஸுக்கும் பரவினார்கள். கட்டுமானக் கடன் முழுவதையும் சுங்கவரியே 1837-க்குள் தீர்த்துவைத்தது. ரெமிங்டன் தம் துப்பாக்கிப் பட்டறையை 1828-இல் இலியனில் கால்வாய்க் கரைக்கு மாற்றிக்கொண்டார். ஸிரக்யூஸ் உப்பால் செழித்தது. பஃபலோவில் 1840-களின் தொடக்கத்தில் ஜோசஃப் டார்ட் என்பவர் நீராவியால் தானியத்தைக் கப்பலிலிருந்து வாரி மேலே ஏற்றும் களஞ்சியத்தைக் கட்டினார். ஜெனஸீ நதியின் அருவிகள் சுழற்றிய ஆலைகளால் ராச்செஸ்டர் தேசத்தின் மாவு நகரமாயிற்று. 1820-இல் ஆயிரத்தைந்நூறு பேர் இருந்த அவ்வூரில் பத்தே ஆண்டுகளில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள்.

ஊர் இவ்வாறு வீங்கும்போது அதன் பழைய குடும்ப ஒழுங்கு குலைந்துபோவது இயல்பே. அதற்கு முன்பெல்லாம் செருப்புத் தைக்கும் எஜமானன் வீட்டிலேயே அவனுடைய பணியாட்களும் பயிற்சிப் பையன்களும் தங்கி, அவனோடு ஒரே மேஜையில் உண்டு, அவனுடைய பிரார்த்தனையில் கலந்துகொண்டார்கள். கால்வாய் வந்தபின் பட்டறை பெரிதாயிற்று. எஜமானன் நல்ல தெருவில் வீடு கட்டிக்கொண்டு போனான். தொழிலாளிகள் வேறொரு மூலையில் விடுதிகளிலும் மதுக்கடைகளுக்கு அருகிலும் நெருங்கி வாழ்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் அறியாத சமுதாயம் அமெரிக்காவின் உட்பிரதேசத்தில் அவ்வாறுதான் தோன்றிற்று. படகை இழுக்கும் விலங்குகளின் பின்னால் இரவும் பகலும் மாறிமாறிக் கரைப்பாதையில் நடந்த சிறுவர்களின் நிலையோ பரிதாபம். அநாதைகள் பலர், பருவம் முடிந்ததும் கூலி கொடாமல் விரட்டப்பட்டவர்கள் பலர்.

இந்தக் கலக்கத்துக்கு நடுவே, 1830 செப்டம்பரில் சார்ல்ஸ் ஃபின்னி என்ற பிரசங்கியார் ராச்செஸ்டருக்கு வந்தார். வக்கீல் தொழிலைப் பயின்று அதைத் துறந்தவர் அவர். நீதிபதியின்முன் வழக்காடுவதுபோல் ஜனங்களின் மனச்சாட்சியின்முன் வழக்காடினார். மனிதன் பாபத்தில் கட்டுண்டு கிடக்கவேண்டும் என்பது விதியல்ல, அவனே தீர்மானித்து எழுந்திருக்கலாம் என்பது அவருடைய உபதேசத்தின் சாரம். ஆறு மாத காலம் ஆலைக்காரர்களும் வியாபாரிகளும் அவர்களுடைய மனைவிமாரும் திரள்திரளாக வந்து கேட்டார்கள். ஸ்திரீகள் பொதுச் சபையில் வாய்திறந்து பிரார்த்தனை செய்வதை அவர் அனுமதித்தார் என்பது அக்காலத்தில் பெருங்குற்றமாகப் பேசப்பட்டது. ஒரு மனிதன் தீர்மானித்து எழுந்திருக்கலாம் என்றால் ஒரு சமுதாயமும் எழுந்திருக்கலாம் அல்லவா? அந்த ஊகத்திலிருந்துதான், என் அபிப்பிராயத்தில், கால்வாய்க் கரையின் சீர்திருத்தங்கள் யாவும் கிளைத்தன. கோதுமைக்காக வெட்டிய நீர்வழியிலேயே பிரசங்கியும் பத்திரிகையும் துண்டுப்பிரசுரமும் ஊர்ஊராகச் சென்றதனால், ஒரு நகரத்தில் எழுந்த எண்ணம் மறுவாரமே அடுத்த நகரத்தில் விவாதப் பொருளாயிற்று.

மதத் தீ திரும்பத் திரும்பப் பற்றியதால் 'எரிந்துபோன பிரதேசம்' என்றே அப்பகுதிக்குப் பெயர் வந்தது. கால்வாய்க் கரையிலுள்ள பால்மைரா ஊரின் அச்சுக்கூடத்தில்தான் 1830-இல் மார்மன் மதத்தவரின் வேதம் அச்சாயிற்று. 1844 அக்டோபர் 22-ஆம் தேதி உலகம் முடிவடையும் என்று நம்பிக் காத்திருந்தவர்கள் இங்கே பலர். சொத்து யாவும் பொது என்ற ஆனைடா சமூகம் 1848-இல் தோன்றிற்று. இவற்றில் சிலவற்றை நாம் ஏற்க முடியாவிட்டாலும், மனித வாழ்வைப் புதிதாக அமைக்கலாம் என்ற துணிவு அங்கே காற்றிலேயே கலந்திருந்தது என்பதை மறுக்க இயலாது.

அத்துணிவின் மிகச் சிறந்த கனி அடிமை ஒழிப்பு இயக்கம். நியூயார்க் ராஜ்யத்தில் அடிமைத்தனம் 1827 ஜூலை 4-ஆம் தேதி சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் தெற்கே லட்சக்கணக்கானோர் விலங்கிலேயே இருந்தார்கள். 1835 அக்டோபரில் யூட்டிக்காவில் கூடிய அடிமை எதிர்ப்பு மகாநாட்டை ஒரு கும்பல் புகுந்து கலைத்தது. கலைந்தவர்களைப் பீட்டர்பரோவுக்கு அழைத்தவர் கெரிட் ஸ்மித் என்ற பெருநிலக்கிழார். வேடிக்கை பார்க்க வந்த அவர், கும்பலின் செய்கையைக் கண்டபின் தம் செல்வத்தையும் வாழ்நாளையும் அந்த இயக்கத்துக்கே அளித்தார். அடிமையாகப் பிறந்து தப்பிவந்த ஃபிரடெரிக் டக்ளஸ், 1847 டிசம்பரில் ராச்செஸ்டரில் 'வடதாரகை' என்று பொருள்படும் பெயரில் பத்திரிகை தொடங்கினார். கனடா எல்லை அருகில் இருந்ததால், தப்பி ஓடுகிறவர்களுக்கு அந்நகரம் இறுதித் தங்குமிடங்களில் ஒன்றாயிற்று. தப்பியவர்களைப் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்ற கொடுஞ்சட்டம் 1850-இல் பிறந்தது. மறு ஆண்டு அக்டோபர் முதல் தேதி, ஜெர்ரி என்ற மனிதரை அதிகாரிகள் பிடித்துவைத்தபோது, ஸிரக்யூஸ் நகரத்தார் திரண்டு, கதவை உடைத்து, அவரை மீட்டுக் கனடாவுக்கு அனுப்பிவைத்தார்கள். ஆனால் அதே கால்வாயில் கிழக்கேயிருந்து வந்த துணியில் பெரும்பகுதி அடிமைகள் பறித்த பருத்தியால் நெய்யப்பட்டது. அதை உணர்ந்து அத்துணியை உடுத்த மறுத்தவர்களும் இருந்தார்கள், மிகச் சிலரே.

அடிமைகளுக்காகப் பேசப் புறப்பட்ட ஸ்திரீகள் தாங்களே பேச உரிமையற்றவர்கள் என்பதை வழியில் கண்டார்கள். 1840-இல் லண்டனில் கூடிய உலக அடிமை எதிர்ப்பு மகாநாட்டில் பெண் பிரதிநிதிகளுக்கு இடமில்லை என்று ஒதுக்கியபோது, லுக்ரீஷியா மாட்டும் எலிசபெத் கேடி ஸ்டான்டனும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். எட்டு வருஷங்களுக்குப் பிறகு, கிளைக் கால்வாய் ஒன்றின் கரையிலிருந்த ஸெனெக்கா ஃபால்ஸ் என்ற ஆலை நகரத்தில், 1848 ஜூலை 19, 20 தேதிகளில், ஏறத்தாழ 300 பேர் கூடிய பெண்ணுரிமை மகாநாட்டை அவர்கள் நடத்தினார்கள். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் அமைப்பிலேயே ஸ்டான்டன் ஒரு பிரகடனம் எழுதியிருந்தார்; மன்னன் இழைத்த கொடுமைகள் இருந்த இடத்தில் ஆண்கள் இழைத்தவை வரிசையாக நின்றன. 68 பெண்களும் 32 ஆண்களும் அதில் கையெழுத்திட்டார்கள். வாக்குரிமைத் தீர்மானத்துக்கு மாத்திரம் எதிர்ப்பு எழுந்தது; அளவு மீறிக் கேட்டால் அனைத்தும் கெடும் என்று அஞ்சினார்கள். டக்ளஸ் எழுந்து ஆதரித்துப் பேசியிராவிட்டால் அது தோற்றிருக்கும். வீட்டில் கையுறை தைத்துக் கூலி பெற்ற சார்லட் உட்வர்ட் என்ற இளம்பெண்ணும் கையெழுத்திட்டார். 1920-இல் அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்றபோது, கையெழுத்திட்டவர்களில் உயிரோடிருந்தவர் அவர் ஒருவரே.

இந்த மகாநாட்டுக்கு வருமுன் அக்கோடையில் மாட் அம்மையார் கட்டராகஸ் என்ற இடத்தில் வாழ்ந்த ஸெனெக்கா பூர்வகுடிகளைப் பார்த்துவிட்டு வந்தார். ஸெனெக்கா முதலிய ஆறு குலங்கள் சேர்ந்த இராக்வா கூட்டமைப்பில் பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்வார்கள். தலைவனைத் தேர்ந்தெடுப்பவளும் தவறினால் நீக்குபவளும் குலத்தாய். சட்டத்தின் கண்ணில் உருவமே இல்லாதவளாக வாழ்ந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு, வண்டி தூரத்தில் இப்படி ஒரு வாழ்க்கை நடக்கிறது என்பது பெரிய செய்தி. பிற்காலத்தில் மட்டில்டா ஜாஸ்லின் கேஜ் என்ற பெண்ணுரிமைப் போராளி அதனை வெளிப்படையாகவே எழுதினார்.

ஆனால் அந்த ஆறு குலங்களின் பூமியின்மீதுதான் கால்வாய் பெரும்பாலும் ஓடியது. 1779-இல் வாஷிங்டனின் கட்டளைப்படி ஸல்லிவன் என்ற தளபதி அவர்களுடைய நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்களை எரித்து, சோளக் களஞ்சியங்களையும் பழத்தோட்டங்களையும் அழித்தார். எஞ்சிய நிலம் உடன்படிக்கை உடன்படிக்கையாகக் கைமாறிற்று. பஃபலோ வளர வளர அதன் அருகிலிருந்த ஸெனெக்கா நிலத்தின் மதிப்பும் ஏறியது. 1838-இல் லஞ்சமும் மதுவும் பொய்க் கையெழுத்தும் கொண்டு ஓர் உடன்படிக்கை தயாராயிற்று. எல்லோரும் கான்ஸஸுக்குப் போய்விடவேண்டும் என்பது அதன் ஷரத்து. குவேக்கர் சபையினர் அவர்களுக்காக வாதாடியதன் பயனாக 1842-இல் இரண்டு பகுதிகள் திரும்பக் கிடைத்தன. பஃபலோ ஓடைக்கரை நிலமும் டோனவாண்டா என்ற பகுதியும் கிடைக்கவில்லை. அடிமைக்காகக் கதவை உடைத்த நகரங்கள் இவர்களுக்காகத் திரளவில்லை. கால்வாய்க் கரை மக்களின் மனச்சாட்சியை நான் எத்தனை போற்றினாலும், தங்கள் வீட்டின் அஸ்திவாரத்தை அவர்கள் தோண்டிப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும்.

டோனவாண்டா மக்கள் வெளியேற மறுத்தார்கள். அவர்களில் ஒருவர் ஈலி பார்க்கர். 1828-இல் அங்கே பிறந்தவர். சட்டம் பயின்ற அவரை, பிரஜை அல்ல என்ற காரணம் காட்டி வக்கீலாகச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அவர் பொறியாளரானார், 70 அடி அகலமும் 7 அடி ஆழமுமாக ஈரிக் கால்வாயை விரிவாக்கும் பணியில் வேலை செய்தார். உள்நாட்டு யுத்தத்தின் முடிவில், 1865 ஏப்ரலில், தெற்கத்தியப் படை சரணடைந்த நிபந்தனைகளை வடக்குப் படையின் தளபதி கிரான்ட்டுக்காகத் தம் கையால் எழுதிக்கொடுத்தவரும் இவரே. யுத்தத்துக்கு முன்பே, பல்லாண்டுகள் அவரும் அவருடைய குலத்தலைவர்களும் வாஷிங்டனுக்கு அலைந்து வாதாடியதன் முடிவில், 1857-இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி, கான்ஸஸுக்கு அனுப்புவதற்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பணத்தைக் கொண்டு டோனவாண்டா ஸெனெக்காக்கள் தங்கள் சொந்த நிலத்தில் ஏறத்தாழ 7,500 ஏக்கரை விலை கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். அந்நிலத்தில் அவர்களுடைய சந்ததியார் இன்றும் வாழ்கிறார்கள். குலத்தாய்மாரே இன்றும் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.